அட்வான்ஸ் தொகையும் கிரயப் பத்திரத்தில் ஏறட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாடகை வீட்டுப் பிரச்சினைகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாடகை உயர்வு, கரண்ட் பில், திடீரென்று காலி செய்யச் சொல்வது எல்லாம் அதில் இருந்தன. ஆள் குடியிருக்கும்போதே வீடு கைமாறினால் என்ன ஆகும் என்பது மட்டும் இல்லை. சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். வாடகைக்கு இருப்பவர்கள் என்னிடம் வந்து அதிகம் புலம்பியது அதைப் பற்றித்தான்.

ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, "வீட்டை நான் வாங்கிட்டேன், அடுத்த மாசத்திலிருந்து வாடகையை என்கிட்ட கொடுத்துடுங்க" என்பார். "சரிங்க, என் அட்வான்ஸ்?" என்று கேட்டால், "யார்கிட்ட கொடுத்தீங்களோ அவர்கிட்டயே வாங்கிக்குங்க" என்று பதில் வரும். பழைய வீட்டுக்காரருக்குப் போன் போட்டால், "அதைக் கழிச்சுக்கிட்டுத்தானேம்மா அவர் மீதிப் பணம் கொடுத்தார்" என்பார். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார். யார் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 109 இதற்கென்றே இருக்கிறது. வீட்டை வாங்கியவர் பழைய உரிமையாளரின் இடத்தில் வந்து நிற்கிறார், அவ்வளவுதான். ஒப்பந்தக் காலம் மீதமிருந்தால் அது அப்படியே தொடரும். "நான் போட்ட அக்ரிமென்ட் இல்லையே" என்று புதியவர் தட்டிக்கழிக்க முடியாது. விற்றுவிட்ட ஒரே காரணத்தால் பழையவரும் தன் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது. குடியிருப்பவர் விரும்பினால் புதியவரைப் பொறுப்பாளியாக ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அட்வான்ஸைத் திருப்பித் தருவது அந்தப் பொறுப்புகளில் சேருமா என்று புதியவரின் வக்கீல் ஒரு வாதத்தைக் கிளப்புவார். முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய்க்காக நீதிமன்றப் படி ஏற எத்தனை பேரால் முடியும்?

வாங்குபவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வில்லங்கச் சான்றில் (சொத்தின் பேரில் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் சான்று) ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால், ஊரெல்லாம் 11 மாத அக்ரிமென்ட்தான். அது வில்லங்கத்தில் வராது. அதற்காக "ஆள் இருப்பது எனக்குத் தெரியாது" என்றும் சொல்ல முடியாது. ஒரு சொத்தில் ஒருவர் நேரடியாகக் குடியிருந்தால், அவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். வீடு பார்க்க வருகிறவர்கள் தரையைத் தட்டிப் பார்க்கிறார்கள், போர் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கிறார்கள். எதிரில் நிற்கும் குடும்பத்திடம் "அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்திருக்கீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கிரயப் பத்திரத்தைப் பாருங்கள். "மேற்படி சொத்தின் பேரில் யாதொரு வில்லங்கமும் இல்லை, இன்றே தங்கள் சுவாதீனத்தில் ஒப்படைத்துவிட்டேன்" என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். அந்த நேரத்தில் அதே வீட்டு அடுப்பில் வேறொருவரின் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும். வாடகைதாரரைப் பற்றியும் நாலு வரி எழுதலாமே என்றால் இரு தரப்புமே "அதெல்லாம் எதுக்குங்க" என்பார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்திரத்தில் காட்டும் விலை ஒன்று, கைமாறும் பணம் ஒன்று என்று இருக்கும்போது, அட்வான்ஸைக் கழித்த கணக்கை எங்கே எழுதுவது?

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் (2017ஆம் ஆண்டுச் சட்டம்) மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. ஆனால் "வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்" என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் பழக்கம் அந்த வாசல் வழியாகத்தான் இன்னும் நடமாடுகிறது. தொகை பெரிதாக ஆக, வீடு கைமாறும்போது அடியும் பெரிதாக விழுகிறது.

இன்னும் மோசம் போக்கியம். தென்மாவட்டங்களில் ஒத்தி என்பார்கள். வாடகை இல்லாமல் இருக்கலாம் என்று ஐந்து லட்சம், எட்டு லட்சம் கொடுத்துவிட்டு, முத்திரைத்தாளில் ஒரு கையெழுத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். செலவுக்குப் பயந்து பதிவு செய்வதில்லை. பதிவு செய்த போக்கியம் வில்லங்கச் சான்றில் ஏறும், வீட்டை யார் வாங்கினாலும் அவரைக் கட்டுப்படுத்தும். பதிவு செய்யாத போக்கியப் பத்திரத்தை நம்பி யாரும் லட்சங்களை நீட்ட வேண்டாம்.

வாடகைக்கு இருப்பவர்கள் எல்லோரும் அப்பாவிகள் என்று சொல்ல வரவில்லை. வீடு விற்றது தெரிந்ததும் பழையவருக்கும் கொடுக்காமல் புதியவருக்கும் கொடுக்காமல் மாதக்கணக்கில் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது, ஏனென்றால் வாடகை பாக்கி ஒன்றே வெளியேற்றப் போதுமான காரணம். விற்றது தெரியாமல் பழையவரிடம் வாடகை கொடுத்திருந்தால் மறுபடி புதியவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. தெரிந்த பிறகு புதியவரிடம்தான் கொடுக்க வேண்டும், அதையும் வங்கி வழியாகக் கொடுப்பது நல்லது. அப்பா இறந்து பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் வாடகை கேட்கிறார்கள் என்பது போன்ற நியாயமான சந்தேகம் இருந்தால், அந்தப் புதிய வாடகைச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் தொகையைக் கட்டிவிடலாம். புதியவருடன் எழுத்து ஒப்பந்தம் போடுவதையும் தள்ளிப்போடக் கூடாது. ஒப்பந்தம் இல்லை என்பதைக் காட்டியே காலி செய்யக் கேட்கப் புதிய சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அதற்கும் வாடகை நீதிமன்றம் போக வேண்டும். தண்ணீரை நிறுத்தி, ஃபியூஸைப் பிடுங்கி ஆளை விரட்டுவது சட்ட விரோதம்.

என் கோரிக்கை சின்னது. காலி மனைக்குக்கூடப் புகைப்படம் கேட்கும் பதிவுத்துறை, வீட்டுக் கிரயத்துக்கு ஒரு இணைப்புத் தாள் கேட்கட்டும். யார் குடியிருக்கிறார், வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, அது வாங்குபவர் கைக்கு வந்துவிட்டதா, ஒப்பந்தம் எது வரை. குடியிருப்பவரின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். சார்பதிவாளர் இதில் எதையும் விசாரிக்க வேண்டாம், தாள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அரசு அதைச் செய்யும்வரை, வீடு விலைக்குப் போகிறது என்று காதில் விழுந்த உடனேயே குடியிருப்பவர்கள் விற்பவர், வாங்குபவர், தான் என மூன்று பேர் கையெழுத்தோடு ஒரு வெள்ளைத்தாளில் இந்த விவரங்களை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கிரயத்துக்கு முன்பே வாங்கிவிடுவது உத்தமம். பதிவு முடிந்த பிறகு பழையவர் போனை எடுக்க மாட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர்,
கும்பகோணம்.