கல்யாண நாளுக்குக் காட்டேஜ் எடுப்பதற்கு முன்

பிரஸ்டன்,
ஜனவரி 12

அன்புள்ள தம்பி முருகனுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் நலம். அம்மா அப்பாவின் 40-வது கல்யாண நாளை மே கடைசியில் இங்கே இங்கிலாந்தின் ஏரிப் பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டில் வைத்துக்கொள்ளலாம் என்று நீ சொன்னது அத்தானுக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. நீ அனுப்பிய மூன்று காட்டேஜ் படங்களையும் பார்த்தோம். மூன்றும் கண்ணுக்கு அழகுதான். ஆனால் இந்த ஊரில் விடுமுறை வீடு எடுத்தால் ரிசப்ஷன் கிடையாது, ரூம் பாய் கிடையாது. வாசலில் நம்பர் போட்டுத் திறக்கும் சின்னச் சாவிப் பெட்டி ஒன்று தொங்கும், அவ்வளவுதான். ராத்திரி 9 மணிக்கு வெந்நீர் வரவில்லை என்றால் நாமும் ஒரு போன் நம்பரும்தான். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதிவிடுகிறேன். வனஜாவையும் படிக்கச் சொல்.

முதலில் பணம் கட்டும் விஷயம். விசிட்டர் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 3 மாதம் முன்னால்தான் விண்ணப்பிக்க முடியும். முடிவு வர வழக்கமாக 3 வாரம் ஆகும். பிப்ரவரி கடைசியில் போட்டால் மார்ச் மூன்றாவது வாரத்தில் தெரிந்துவிடும். வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் கால்வாசியோ மூன்றில் ஒரு பங்கோ முன்பணம் வாங்கிக்கொண்டு, மீதியைத் தங்கும் நாளுக்கு 6 முதல் 10 வாரம் முன்னால் கேட்பார்கள். அதனால் மீதிப் பணம் கட்டும் கடைசித் தேதி மார்ச் 25-க்குப் பிறகு வருகிற வீடாகப் பார். மே கடைசி வாரம் இங்கே பள்ளிகளுக்கு விடுமுறை. வாடகை ஏறிக் கிடக்கும், நல்ல வீடெல்லாம் இப்போதே போய்க்கொண்டிருக்கும். ஆன்லைனில் வாங்கியதை 14 நாளில் ரத்து செய்யலாம் என்று இங்கே ஒரு சட்டம் உண்டு. தேதி குறித்து எடுக்கும் தங்குமிடத்துக்கு அது செல்லாது. ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பது அவர்கள் போடும் நிபந்தனையில் இருப்பதுதான். அதை வரிவிடாமல் படி.

புக்கிங் என் பெயரில், என் கிரெடிட் கார்டில் போடலாம். கௌரவத்துக்காகச் சொல்லவில்லை. இந்நாட்டு 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள எதற்காவது கிரெடிட் கார்டில் பணம் கட்டி, விற்றவர் ஏமாற்றினாலோ சொன்னபடி தராவிட்டாலோ, கார்டு கம்பெனியும் சேர்ந்து பொறுப்பு. முன்பணத்தை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் முழுத் தொகைக்கும் கேட்கலாம். உன் இந்தியக் கார்டுக்கு இது கிடையாது. இரண்டு இடத்தில் இது அறுந்துபோகும்: கார்டு ஒருவர் பெயரிலும் புக்கிங் வேறொருவர் பெயரிலும் இருந்தால் ஒன்று, பணம் வீட்டுக்காரருக்கு நேராகப் போகாமல் நடுவில் ஒரு இணையதளம் வாங்கி அனுப்பினால் இன்னொன்று. அதனால்தான் நேராகத் தன் வீட்டை வாடகைக்கு விடுபவரையோ, ஒப்பந்தத்தில் தானே கையெழுத்துப் போடும் கம்பெனியையோ தேடச் சொல்கிறேன்.

நீ அனுப்பியதில் இரண்டாவது வீட்டை இப்போதே விட்டுவிடு. ஏரிக்கரையில் 8 பேருக்கு வீடு, அந்த வாரத்தில், அந்த விலைக்கு நடக்காத காரியம். போதாததற்கு, நேராக பேங்கில் போட்டால் 10 சதவீதம் தள்ளுபடி என்கிறார்கள். பேங்கில் போட்ட பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. அந்தப் படங்களை கூகுளில் போட்டுத் தேடிப் பார். அதே சமையலறை வேறு பெயரில் வேறு ஊரில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் வீடு எஸ்க்டேல் பள்ளத்தாக்கில் இருக்கிறது. வீட்டில் குறை தெரியவில்லை, வழிதான் வில்லங்கம். ஆம்பிள்சைட் பக்கமிருந்து போனால் மேப் காட்டும் குறுக்குவழி ரைனோஸ், ஹார்ட்நாட் என்ற இரண்டு கணவாய் வழியாக ஏறும். ஹார்ட்நாட்டில் மூன்றடி போனால் ஓரடி ஏறுகிற செங்குத்து, ஒரு கார் மட்டும் போகும் அகலம், எதிரே வண்டி வந்தால் பின்னால் எடுக்கவேண்டும். பெரிய வண்டியில் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, அப்பாவை முன்சீட்டில் வைத்துக்கொண்டு அதில் போக அத்தான் சம்மதிக்க மாட்டார். கடற்கரைப் பக்கமாகச் சுற்றிப் போகலாம்தான்; ஆனால் தினமும் ஏரி பார்க்க வெளியே போய்வர மணிக்கணக்காகும்.

மிச்சம் கெஸ்விக் பக்கத்து வீடு. அதைத்தான் பேசிப் பார்க்கலாம் என்கிறேன், சில கேள்விகளுக்குப் பதில் வந்த பிறகு.

'8 பேர் தங்கலாம்' என்று போட்டிருந்தால் அந்தக் கணக்கில் பெரும்பாலும் ஹாலில் கிடக்கும் சோஃபா கம் பெட்டும் சேர்த்தி. அதில் இரண்டு பேர் படுத்தால், காலையில் அவர்கள் எழும்வரை மற்றவர்கள் காபி குடிக்கக்கூட அங்கே உட்கார முடியாது. படுக்கையறை எத்தனை, ஒவ்வொன்றிலும் என்ன கட்டில், கீழ்த்தளத்தில் ஒன்று உண்டா, அதன் பக்கத்திலேயே டாய்லெட் உண்டா என்று தனித்தனியாகக் கேட்கவேண்டும். பழைய கல்வீடுகளில் மாடிப்படி நம் ஊர் மச்சுப்படி போல ஏறும். இன்னொன்று, ஷவர் தனியாக இருக்கிறதா, குளியல் தொட்டிக்குள் ஏறி நின்றுதான் குளிக்கவேண்டுமா என்பது. தொட்டி விளிம்பு தரையிலிருந்து 50 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது.

குளியலறை பற்றி எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவை. இங்கே குளியலறைத் தரையில் தண்ணீர் போகத் துளை கிடையாது. ஒரு வாளித் தண்ணீரை வெளியே ஊற்றினால் அது பலகைக்குள் இறங்கிக் கீழ்த்தளத்துக் கூரையில் வட்டமாக ஈரம் காட்டும். கட்டிவைத்த டெபாசிட்டும் அதோடு போகும். டாய்லெட்டில் பைப் இருக்காது, ஒரு பிளாஸ்டிக் மக் பெட்டியில் போட்டுக்கொள். கிராமத்து வீடென்றால் செப்டிக் டேங்காக இருக்கும். குழந்தைக்குத் துடைக்கும் ஈரத்தாளை உள்ளே போட்டால் அடைத்துக்கொள்ளும்.

அதிகமாகக் கெடுவது வெந்நீர்தான். எந்த முறையில் சுடுகிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினையை நாமே முடித்துவிடலாம். அலமாரிக்குள் பெரிய டேங்க் இருக்கும் வீட்டில் 150 லிட்டர் இருக்கிறது என்று வை. ஷவரில் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 5 லிட்டர் வெந்நீர் போகும். அரைமணி நேரத்தில் டேங்க் காலி. 8 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 4 நிமிடம்கூட வராது. 3 கிலோவாட் கரண்ட் ஹீட்டரில் அது மறுபடி முழுதாகச் சுட ஏறக்குறைய 3 மணி நேரம் பிடிக்கும். இது பழுதே இல்லை; கல்யாண நாள் காலையில் எல்லோரும் தலைக்குக் குளிக்க நினைத்தால் பாதிப் பேர் முதல் நாள் ராத்திரியே குளித்துவிடவேண்டும். சுவரில் சின்ன வெள்ளைப் பெட்டி மாட்டிய கரண்ட் ஷவர் என்றால் இந்தக் கவலை இல்லை. ஆனால் கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்கும், அதை இழுத்தால் சிவப்பு விளக்கு எரியவேண்டும். முன்னால் இருந்தவர்கள் அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அது தெரியாமல் பச்சைத்தண்ணீரில் குளித்துவிட்டு வீட்டுக்காரரைத் திட்டுபவர்கள் நிறைய.

மூன்றாவது வகை, டேங்க் இல்லாமல் உடனுக்குடன் சுடவைக்கும் பாய்லர். அதன் முகப்பில் சின்ன முள் ஒன்று இருக்கும். ஆறியிருக்கும்போது 1-க்கும் 1.5-க்கும் நடுவில் முள் நிற்கவேண்டும். அறையைச் சூடாக்கச் சுவரில் மாட்டியிருக்கும் வெந்நீர் ரேடியேட்டர் எங்காவது கசிந்தாலோ, யாராவது அதிலிருந்து காற்றை வெளியே திறந்துவிட்டாலோ முள் இறங்கி, பாய்லர் தானாக நின்றுவிடும். வீட்டுக்காரருக்குப் போன் செய்து அவர் சொன்னால், அடியில் வெள்ளிப் பின்னல் போட்ட குழாயின் இரண்டு முனையிலும் உள்ள திருகை மெதுவாகத் திறந்து, முள் 1.5-ஐத் தொட்டதும் இரண்டையும் மூடி, ரீசெட் பட்டனை அழுத்தலாம். மூடாமல் விட்டால் பிரஷர் ஏறி வெளிக்குழாய் வழியாக ஒழுகும். மறுநாளே முள் மறுபடி இறங்கினால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம், ஆள் வரவேண்டும். பாய்லரின் மூடியைத் திறக்கவே கூடாது. கேஸ் வேலைக்கான 'கேஸ் சேஃப்' பதிவு உள்ளவர் மட்டும்தான் கைவைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. கேஸ் லைன் இல்லாத இடங்களில் தோட்டத்தில் பெரிய தொட்டியில் மண்ணெண்ணெய் நிரப்பி ஓட்டுவார்கள். அது தீர்ந்தால் நிரப்ப வண்டி வரவே நாளாகும். 'எண்ணெய் எவ்வளவு இருக்கிறது' என்று வருவதற்கு ஒரு வாரம் முன்னால் நான் கேட்டுவிடுகிறேன். மே மாதம் என்று நினைத்து ஸ்வெட்டரை விட்டுவிடாதே. அங்கே ராத்திரியில் 10 டிகிரிக்குக் கீழே போவது சகஜம். இங்கிலாந்திலேயே அதிக மழை பெய்யும் ஊர் என்று சொல்லப்படும் சீத்வெயிட் கெஸ்விக்கிலிருந்து அதிக தூரமில்லை.

கரண்ட் நம் ஊர் 230 வோல்ட்டேதான், மிக்ஸி கொண்டுவரலாம், பிளக் மாற்றி என்னிடம் இருக்கிறது. மொத்த வீடும் ட்ரிப் ஆனால் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பெட்டியில் கீழே விழுந்திருக்கும் சுவிட்சைத் தூக்கி, ஒவ்வொன்றாக மாட்டினால் எது கோளாறு என்று தெரிந்துவிடும். பக்கத்து வீட்டிலும் இருட்டு என்றால் 105-க்கு அடிக்கவேண்டும். 2021 நவம்பர் ஆர்வென் புயலில் அந்தப் பக்கத்துச் சில வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் கரண்ட் வரவில்லை. ஊற்றுத் தண்ணீர் வரும் வீடென்றால் கிருமி கொல்லும் விளக்கு கரண்டில்தான் ஓடும். கரண்ட் போனால் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கவேண்டும். தாளிக்கும்போது ஜன்னலைத் திற, இல்லாவிட்டால் புகை அலாரம் ஊரைக் கூட்டும். அலாரத்தைத் துணி போட்டு மூடாதே. கல்யாண நாளன்று கற்பூரம் ஏற்றுவதென்றால் வெளியே முற்றத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் தாண்டி ஒன்று கெட்டால், அந்த நிமிடமே எழுத்தில் சொல்லவேண்டும். போனில் பேசினாலும், உடனே அதையே மெசேஜாக அனுப்பவேண்டும்: எத்தனை மணிக்குப் பார்த்தோம், என்ன வேலை செய்யவில்லை, எப்போதுக்குள் சரிசெய்வீர்கள், வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள். தேதி தெரியும்படி போட்டோ, முள்ளின் வீடியோ. சரிசெய்ய நியாயமான அவகாசம் தராமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் பின்னால் நம் பக்கம் பலம் குறையும். அவகாசம் தந்தும் முடியவில்லை என்றால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வாடகையில் குறைத்துக் கேட்கலாம். வீடே இல்லை, இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றால் முழுப் பணமும், அதே தரத்தில் வேறு இடம் எடுக்க ஆன கூடுதல் செலவும் கேட்கலாம். ரசீது எல்லாம் வேண்டும். கொடுக்க மறுத்தால் 10,000 பவுண்டு வரை சிறு வழக்கு மன்றத்தில் வக்கீல் இல்லாமலே போடலாம். சும்மா சமாதானமாக, 'அடுத்த தடவை சலுகை தருகிறோம்' என்பார்கள். வாங்கிக்கொள்ளாதே, நாம் மறுபடி எங்கே வரப்போகிறோம்!

நான் கெண்டலில் ஒரு சாதாரண ஓட்டலில், கடைசி நாள்வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய விலையில், முதல் ராத்திரிக்கு மட்டும் ரூம் போட்டுவைக்கிறேன். சாவி கிடைத்து, வெந்நீரையும் பார்த்த பிறகு ரத்து செய்வதற்கு அந்த வேளைவரை அனுமதி இருக்கிறதா என்று பார்த்துத்தான் போடுவேன். வீட்டுச் சாவி சாயங்காலம் 4 மணிக்குத்தான் கிடைக்கும். இருட்ட 9 மணிக்கு மேல் ஆகும் என்பதால் எல்லாவற்றையும் திறந்து பார்க்க நேரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் 6 மணி நேரம்தான் திறந்திருக்கும், அதனால் அரிசி பருப்பை பிரஸ்டனிலேயே ஏற்றிக்கொள்வோம்.

நீ செய்யவேண்டியது: நான்கு பேர் பாஸ்போர்ட்டும் குழந்தையின் பாஸ்போர்ட்டும் எப்போது காலாவதி ஆகிறது என்று பார்த்து எழுது. ஒரு ஸ்டூலை 50 சென்டிமீட்டர் உயரத்துக்கு வைத்து, பிடித்துக்கொண்டு அம்மாவால் காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்க முடிகிறதா என்று பார். பிடிவாதமாக முடியும் என்பாள், நீ நின்று பார்த்துச் சொல். அதைப் பொறுத்துத்தான் கெஸ்விக் வீட்டுக்கு முன்பணம் கட்டுவேன்.

அன்புடன்,
அக்கா