புல்வெளியிலும் பயில்வான்கள் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் உலகத் தற்காப்புக் கலைகள் பற்றி வந்த கட்டுரையை எங்கள் சிலம்பக் கூடத்துப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். சீனம், ஜப்பான், கேரளம் என்று நன்றாகவே போனது. மத்திய ஆசியப் புல்வெளிகளில் உஸ்பெக், கசாக், கிர்கிஸ் என்று துருக்கிய இன மொழிகள் பேசும் மக்களிடம் வந்தபோது மட்டும், குதிரையும் வில்லும்தான் இருந்தன, கலை என்று சொல்ல எதுவுமில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரி தவறு. ராயபுரத்தில் 30 வருடமாகக் கம்பு சொல்லிக் கொடுப்பவன் நான். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

2019-ல் நடந்தது. என்னிடம் பழகிய தம்பி ஒருவன் ஆட்டோ ஓட்டுகிறான். அப்பாவின் இதய ஆபரேஷனுக்காக வந்து கிரீம்ஸ் ரோடு லாட்ஜ் ஒன்றில் தங்கியிருந்த உஸ்பெக்கிஸ்தான்காரர் ஒருவரை அவன்தான் தினமும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவான். ஃபெர்கானா பக்கத்து மனிதர். சாயந்திரமெல்லாம் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாரே என்று ஒருநாள் எங்கள் கூடத்துக்கு அழைத்து வந்துவிட்டான். சுவரில் என் தாத்தா கர்லா கட்டையோடு நிற்கும் படம் மாட்டியிருக்கும். அதைப் பார்த்ததும் அவர், "பொல்வான்?" என்றார். "ஆமாம், பயில்வான்" என்றேன். இரண்டும் ஒரே சொல் என்று இருவருக்குமே அந்த நொடியில் புரிந்துவிட்டது. பாரசீகத்துப் 'பஹ்லவான்' இங்கே பயில்வான் ஆனது. உஸ்பெக்கில் பொல்வான், கசாக்கில் பலுவான், துருக்கியில் பெஹ்லிவான். வடசென்னையில் குருவை வஸ்தாது என்கிறோமே, அதுவும் உஸ்தாதுதான். அவர் ஊரில் உஸ்தோஸ்.

அப்புறம் என் தோள் துண்டைக் கேட்டு வாங்கி, முறுக்கி, என் மூத்த மாணவனின் இடுப்பில் கட்டினார். தனக்கும் ஒன்று கட்டிக்கொண்டார். வலது கையை நெஞ்சில் வைத்து லேசாகக் குனிந்தார். நம் சலாம் வரிசை நினைவுக்கு வந்தது. இருவரும் அடுத்தவர் இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடியை விடக் கூடாது. கையால் காலைத் தொடக் கூடாது. விழுந்தவனோடு தரையில் கட்டிப் புரளக் கூடாது. மாணவன் அவரைவிடப் பத்துக் கிலோ கனம். அவர் இழுக்கவே இல்லை. நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி நின்று, பையன் எந்தக் காலில் பாரத்தை வைக்கிறான் என்பதை உடம்பாலேயே கேட்டுக்கொண்டிருந்தார். அவன் மூச்சு விட்ட நேரம் பார்த்து அரை அடி உள்ளே கால் வைத்து இடுப்பைத் திருப்பினார். பையன் முதுகு மண்ணில். அந்த அரை அடி வசப்பட எத்தனை வருஷம் ஆகும் என்று காலடி சொல்லிக் கொடுப்பவனுக்குத் தெரியும்.

இதுதான் குராஷ். கசாக்கியர் குரெஸ் என்கிறார்கள், தாத்தாரியர் கொரேஷ், துருக்கியர் குரெஷ், சைபீரியத் தூவாவில் குரேஷ். தூவாவிலிருந்து துருக்கியின் எதிர்னே நகரம் வரை, ஒருவரை ஒருவர் பார்த்தே இராத மக்கள் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள் என்றால், அவர்கள் பிரிந்து போவதற்கு முன்பே இந்தக் கலை இருந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எதிர்னேயில் உடம்பெல்லாம் ஆலிவ் எண்ணெய் பூசி, தோல் காற்சட்டை போட்டு மோதும் கிர்க்பினார் மல்யுத்தத்தை யுனெஸ்கோ 2010-லேயே பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கசாக்கியரின் குரெஸ் 2016-ல் சேர்ந்தது.

குதிரை மேலிருந்தபடியே மல்லுக்கட்டுவதும் உண்டு. கிர்கிஸ் மக்கள் அதை எர் எனிஷ் என்பார்கள். இரண்டு பேர் இடுப்புக்கு மேல் வெற்றுடம்போடு குதிரையில் நெருங்கி, எதிரியைச் சேணத்திலிருந்து இழுத்துத் தரையில் தள்ள வேண்டும். 2014-ல் கிர்கிஸ்தானின் சோல்பான்-அத்தாவில் நடந்த உலக நாடோடி விளையாட்டுகளிலும் இது இருந்தது. முழங்காலால் குதிரையை நடத்திக்கொண்டே கையால் மல்லுக்கட்டுவதைக் கலை இல்லை என்றால் எதைக் கலை என்பது?

ஆயுதப் பயிற்சிக்கும் சான்று கல்லில் இருக்கிறது. மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் கி.பி. 732-ல் நட்ட குல் தெகின் என்ற துருக்கிய இளவரசனின் கல்வெட்டு, அவன் எந்தப் போரில் எந்தக் குதிரையில் ஏறினான் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. வெள்ளைக் குதிரையில் பாய்ந்து, ஒருவனை அம்பால் அடித்து, இருவரை அடுத்தடுத்து ஈட்டியால் குத்தினான் என்கிறது. நம் நடுகல் படித்தவர்களுக்கு இந்தக் குரல் அந்நியமாக இராது. ஓடும் குதிரையில் வில்லையும் ஈட்டியையும் மாற்றி மாற்றிக் கையாள்வது பழகாமல் வருமா? நூல்தான் வேண்டும் என்றால் அதுவும் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் அடிமைகளாக எகிப்துக்கு விற்கப்பட்ட புல்வெளியின் கிப்சாக் துருக்கியச் சிறுவர்கள்தான் மம்லூக் என்ற அடிமைப் படை வீரர்களானார்கள். 1260-ல் பாலஸ்தீனத்தின் அய்ன் ஜாலூத்தில் மங்கோலியரை முறியடித்த போரில் முன்னின்று, அதே ஆண்டு எகிப்தின் சுல்தான் ஆன பைபர்ஸ் அவர்களில் ஒருவர். ஈட்டி, வில், வாள், குதிரையேற்றம் எல்லாவற்றுக்கும் அங்கே பயிற்சி நூல்களே எழுதினார்கள். அரபியர், பாரசீகர் அறிவும் அதில் கலந்திருக்கிறது என்பது உண்மைதான்.

குத்து, உதை, வரிசை வரிசையான அடவுகள் என்று பார்த்தால் புல்வெளியில் அதிகம் கிடைக்காது. அண்மையில் துருக்கியில் புதிதாகக் கோத்து, பழைய பெயர் வைத்த முறைகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் சிலம்பம் சொல்லித் தருகிறேன் என்று போய்க் கேட்டபோது, "உங்கள் கலையில் என்ன கலர் பெல்ட் கொடுப்பீர்கள்?" என்று கேட்டார்கள். பெல்ட் கிடையாது என்றேன். அப்படியானால் இது கிராமத்து விளையாட்டுதானே என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வலி இன்னும் ஆறவில்லை. அதே வரியைப் புல்வெளி மக்களைப் பற்றி நம் தமிழ்ப் பத்திரிகையிலேயே படித்ததும் மனசு கேட்கவில்லை. கூடாரமும் மந்தையுமாக இடம் பெயர்ந்து வாழ்ந்த மக்களால் சுவர் எழுப்பிப் பள்ளி நடத்த முடியாது. கல்யாண விருந்தும் பெரியவர்களின் நினைவு விருந்தும்தான் அவர்களுக்குக் கோதா.

2018-ல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் முதன்முறையாகக் குராஷ் சேர்ந்தபோது, பெண்கள் 52 கிலோ பிரிவில் நம் பிங்கி பல்ஹாரா வெள்ளியும் மலபிரபா ஜாதவ் வெண்கலமும் வாங்கினார்கள். கட்டுரையில் அதுவும் இல்லை.

அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். முடிந்தால் குராஷ் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். அந்த உஸ்பெக் நண்பர், அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து ஊர் திரும்பும்வரை எட்டு நாள் எங்கள் பிள்ளைகளுக்குப் பிடி சொல்லிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமைகளில் இன்னமும் இடுப்பில் துண்டு கட்டிப் பழகுகிறோம். உங்கள் நிருபர் மாலை 6 மணிக்கு வந்தால் நேரில் பார்க்கலாம்.

இப்படிக்கு,
சிலம்ப ஆசிரியர் ஒருவர்,
ராயபுரம், சென்னை.