லென்ஸ் எல்லாமே தேய்ச்சு செய்றதில்லைங்க

ஆசிரியருக்கு வணக்கம். கேமரா லென்ஸ்னாலே கண்ணாடிய தேய்ச்சு பாலிஷ் போடுறதுதான்னு போன வாரம் எழுதியிருந்தீங்க, அது பாதிதான் சரி. நான் லென்ஸ் அமுக்குற அச்சு (மோல்டு) வேலை பாத்தவன். கண்ணாடி உருண்டைய இளகுற வரைக்கும் சூடாக்கி, டங்ஸ்டன் கார்பைடுங்கிற ரொம்ப கெட்டியான பொருள்ல செஞ்ச அச்சு ரெண்டுக்கு நடுவுல வச்சு மெதுவா அமுக்குவாங்க, காத்து பட்டு அச்சு கெட்டுடக்கூடாதுன்னு உள்ள நைட்ரஜன் ஓடும். பணியாரக்கல்லு மாதிரிதானேன்னு கேக்காதீங்க, ஆறும்போது கண்ணாடி சுருங்கும், அத முன்னாடியே கணக்கு போட்டுத்தான் அச்ச வெட்டணும், அவசரமா ஆற வச்சா உள்ளுக்குள்ள இறுக்கம் நின்னு படம் கெட்டுடும். ஒரு தடவ அச்சுல கண்ணுக்கே தெரியாத கீறல், வந்த லென்ஸ் அத்தனையும் குப்பைக்குத்தான் போச்சு. கோடாக் கம்பெனி 1982லயே, வட்டத் தட்டு மாதிரி பிலிம் போடுற டிஸ்க் கேமராவுல அச்சுல அமுக்குன கண்ணாடி லென்ஸ் போட்டாச்சு. இப்ப போன்ல இருக்குறது பெரும்பாலும் பிளாஸ்டிக்க உருக்கி அச்சுல ஏத்துனது. இதயும் ஒரு பத்தி போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர்