மதியத்துக்கு வீடு திரும்பிவிடுங்கள்: காரைக்குடியில் எங்களிடம் தங்க வருபவர்களுக்கு

வணக்கம்.

எங்கள் வீட்டில் தங்கப் பதிவு செய்பவர்கள் முதலில் கேட்பது, "ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா?" என்பதுதான். முன்பெல்லாம் "பார்க்கலாமே" என்று சொல்லி, ஏழு இடங்கள் எழுதிய தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, காரும் பேசிவிடுவோம். இப்போது அந்தத் தாளைக் கொடுப்பதில்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்று பழைய விருந்தினர்கள் சிலர் கேட்டார்கள். அதற்காகத்தான் இந்த மடல்.

ஒரு குடும்பம் பாட்டியோடு வந்திருந்தது. நிதானமாகப் பலகாரம் சாப்பிட்டு, பத்து மணிக்கு மேல் கிளம்பி, எங்கள் தாளில் இருந்த வரிசைப்படி ஆத்தங்குடி போய்விட்டு பிள்ளையார்பட்டி வந்து சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது. இனி நாலு மணிக்குத்தான். வெயிலில் காரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பாட்டி எங்களை ஒன்றும் சொல்லவில்லை, "பிள்ளையாரும் கொஞ்சம் தூங்கட்டும்" என்றார். எங்களுக்குத்தான் மனசு கேட்கவில்லை. எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து வரிசை போட்ட நாங்கள், எத்தனை மணி என்று பார்க்கவில்லை.

அதனால் இப்போது சொல்வது இதுதான். காலையில் ஒரு திசை, மாலையில் ஒரு திசை. நடுவில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில், பாயைப் போட்டுப் படுங்கள். இந்த ஊர் வெயிலுக்குத்தான் இந்த வீடுகளை இவ்வளவு உயரமாக, நடுவில் முற்றம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். அதை அனுபவிக்க வேண்டிய நேரம் நடுப்பகல்தான்.

முதல் காலையை மேற்கே வைத்துக்கொள்ளுங்கள். திருப்பத்தூர் சாலையில் சுமார் பத்து கிலோமீட்டரில் குன்றக்குடி, அங்கிருந்து சிறிது தூரத்தில் பிள்ளையார்பட்டி. குன்றக்குடியில் மலை ஏற வேண்டும், ஆகவே வெயில் ஏறுவதற்குள் சண்முகநாதர் தரிசனத்தை முடித்துவிடுங்கள். இறங்கி வந்ததும் பலர் அப்படியே காரில் ஏறிவிடுகிறார்கள். மலையடிவாரத்தில் பழைய குடைவரைக் கோயில்கள் இருக்கின்றன, தவறவிடாதீர்கள். பிள்ளையார்பட்டியும் குடைவரைதான். கற்பக விநாயகரை மலைப்பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். நாலு கை இல்லை, இரண்டே கை. தும்பிக்கை வலம் சுழித்திருக்கும். சதுர்த்தித் திருவிழா நாட்களில் கூட்டம் அதிகம், அது பிடித்தவர்கள் மட்டும் அப்போது வாருங்கள்.

வடக்கே போகும் நாளில் திருமயத்தை முதலில் பாருங்கள். வழியில் கானாடுகாத்தான் வரும், நிற்க வேண்டாம். திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். திருமயத்தில் ஒரே பாறையில் சிவனுக்கு ஒரு குடைவரை, பெருமாளுக்கு ஒரு குடைவரை. பள்ளிகொண்ட பெருமாள் பிரம்மாண்டமானவர். சத்தியமூர்த்தி என்பது இங்குள்ள பெருமாளின் பெயர். விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தி பிறந்ததும் இதே ஊரில்தான். கோயில்களை முடித்துவிட்டுக் கோட்டைக்குப் போங்கள். 1687இல் ராமநாதபுரம் சேதுபதி மன்னர் கட்டியது. உச்சியில் பீரங்கி இருக்கிறது, காற்று நன்றாக வரும். பாறை சூடேறிவிட்டால் பிள்ளைகளை நடக்கவைக்க முடியாது, பத்து மணிக்குள் இறங்கிவிடுவது நல்லது.

கானாடுகாத்தானைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே தெருவுக்குத் தெரு பெரிய வீடுகள். ஆனால் அவை காட்சிசாலைகள் அல்ல, பங்காளிகள் பலருக்குச் சொந்தமான குடும்ப வீடுகள். கல்யாணம், சடங்கு என்றால் திறப்பார்கள், மற்ற நாட்களில் பூட்டியிருக்கும். அண்ணாமலைச் செட்டியார் 1912இல் கட்டிய அரண்மனையும் குடும்பத்தாருடையதே. வெளியே நின்று பார்த்துவிட்டு வரும் மனதோடு போங்கள். காவலுக்கு இருப்பவரிடம் பணத்தைக் காட்டி வற்புறுத்தாதீர்கள், அவர் வேலைக்குத்தான் ஆபத்து. உள்ளே பார்த்தே ஆக வேண்டும் என்றால், கட்டணம் வாங்கிக்கொண்டு விடும் பெரிய வீடு ஒன்று ஆத்தங்குடியில் இருக்கிறது.

ஆத்தங்குடிக்குப் போவதே தரையில் பதிக்கும் பூக்கல் பார்க்கத்தானே. எங்கள் வீட்டுத் தரையைப் பார்த்து "எந்த மெஷினில் பாலிஷ் போட்டீர்கள்?" என்று கேட்காதவர் இல்லை. மெஷினே கிடையாது, சூளையும் கிடையாது. கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கட்டத்துக்குக் கட்டம் கையால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அடைக்கிறார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறவைப்பார்கள். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினால் அதன் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். அப்புறம் மனிதர் நடக்க நடக்கத்தான் மெருகு கூடும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் வேலை இருக்காது, வாரநாளில் போங்கள். சாயம் ஊற்றுபவரிடம் அந்த நேரம் பேச்சுக் கொடுக்காதீர்கள், கை நின்றால் பூ கலைந்துவிடும்.

மாலைகளுக்குக் காரைக்குடியே போதும். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள். எனாமல் தூக்கு, மரத்தூண், பழைய சாமி படம் எல்லாம் கிடைக்கும். பேரம் பேசாமல் வாங்கினால் கடைக்காரருக்கே சப்பென்று இருக்கும். எந்தக் கடையிலும் எங்களுக்குக் கமிஷன் கிடையாது, டிரைவரிடமும் அப்படியே சொல்லியிருக்கிறோம். கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலை வாங்குபவர்கள் பகல் வெளிச்சத்தில் நிறத்தைப் பார்த்து எடுங்கள்.

தூரத்து இடங்கள் இரண்டை, ஊருக்குத் திரும்பும் நாளுக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். மதுரையில் ரயில் ஏறுபவர்கள் கீழடி வழியாகப் போங்கள். 2023இல் திறந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டுப் பாணியிலேயே கட்டியிருப்பதால், எங்கள் வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவதுபோல் இருக்கும். திருச்சி பக்கம் போகிறவர்களுக்குப் புதுக்கோட்டையைத் தாண்டிச் சித்தன்னவாசல். சமணக் குகையின் விதானத்தில் தாமரைக் குளம் தீட்டியிருக்கிறார்கள். மீன், அன்னம், யானை, பூப்பறிக்கும் துறவி எல்லாம் மங்கலாகத்தான் தெரியும். வாசலில் கண்ணைக் கொஞ்சம் நிழலுக்குப் பழக்கிக்கொண்டு உள்ளே போங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் வருபவர்கள் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தையும் கேளுங்கள். பறவைகள் பயந்துவிடக் கூடாதென்று தீபாவளிக்கே வெடி போடாத ஊர்க்காரர்கள் அங்கே. கார் ஹாரனை அடிக்க வேண்டாம் என்று டிரைவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கார் வாடகையில் டிரைவர் சாப்பாடு சேராது. அவரும் மதியம் நம் வீட்டிலேயே சாப்பிடட்டும், அதற்கு நாங்கள் தனியாக வாங்குவதில்லை.

காலை ஆறரைக்குக் கிளம்புவதென்றால் முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள், பிளாஸ்கில் காபி தயாராக இருக்கும். மதியம் எத்தனை பேர் என்பதையும் அப்போதே சொன்னால் நல்லது. கவுனி அரிசியை இரவே ஊறப்போட வேண்டும்.

இப்படிக்கு,
வீட்டுக்காரர்கள்