அந்தப் பலகையைத் திரும்ப மாட்டுங்கள்

எங்கள் பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். டென்னிஸ் திடலை ஒட்டிய மண்டபத்துக்குச் சாயம் அடித்தபோது ஆண்கள் அணி வீரர்களின் பெயர்ப்பலகையைக் கழற்றினீர்கள். சாயம் காய்ந்து இரண்டு வருடம் ஆகிறது. பலகை இன்னும் சுவருக்கு வரவில்லை. மூன்று கடிதம் எழுதியதற்குப் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரே ஒரு பதில். அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

போன மாதம் அப்பாவைக் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு அழைத்து வந்தேன். வயது 76. பேரனுக்குத் தன் பெயரைக் காட்டவேண்டும் என்று இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டே படியேறினார். மேலே சுவரில் நான்கு ஆணித் துளைகள்தான் இருந்தன. “எங்க தாத்தா?” என்றான் பையன். அப்பா வெறும் சுவரில் விரலை வைத்து, “இங்கதான்யா, மூணாவது வரி” என்றார்.

தோட்டத்துப் பிள்ளை அவர். இரவல் மட்டையில் ஆடி அணிக்குள் வந்தவர். கோப்பைகள் உங்களிடம் இருக்கின்றன. அவருக்கென்று இருந்தது அந்த ஒரு வரி.

திரும்பும் வழியில் அப்பா இந்திய டென்னிஸ் வீரர் சோம்தேவ் தேவ்வர்மனைப் பற்றித்தான் பேசினார். சென்னையில் ஆடிப் பழகி வர்ஜீனியா பல்கலைக்கழகம் போன சோம்தேவ், 2006, 2007, 2008 என மூன்று வருடமும் அமெரிக்கக் கல்லூரி ஒற்றையர் இறுதியாட்டத்துக்கு வந்தார். முதல் தடவை தோல்வி. அடுத்த வருடம் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஜான் ஐஸ்னரை அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் திடலிலேயே வென்றார். 2008இல் 44 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் அவரோடு இரட்டையர் தங்கம் வென்ற சனம் சிங்கும் வர்ஜீனியா மாணவர்தான். அங்கே தோற்ற ஆட்டத்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் கிள்ளானில் இருக்கும் ஒரு கிழவருக்கு இதெல்லாம் தெரிகிறது. நம் அணியின் பழைய ஆட்டக் கணக்கு எதுவும் இல்லை என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அப்படியென்றால் அந்தப் பலகை ஒன்றுதானே மிச்சம்? அதையும் ஸ்டோரில் கிடக்கவிட்டால் எப்படி?

நன்கொடை கேட்கும்போது மட்டும் பழைய மாணவர்களின் முகவரி உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது. இரண்டு திடல்களைக் கார் நிறுத்துமிடமாக மாற்றியபோது யாரும் எங்களைக் கேட்கவில்லை. சரி, அதை இன்னொரு நாள் பேசலாம்.

இப்போது கேட்பது ஒன்றுதான். பலகையைத் திரும்ப மாட்டுங்கள். ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், ஏணியோடு நாங்களே வருகிறோம். பள்ளி விடுமுறைக்குள் செய்து கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். அப்பாவால் இன்னும் அந்தப் படிகளை ஏற முடிகிறது.

பணிவுடன்,
ஒரு முன்னாள் மாணவன்