டச்லைனில் ஒரு குரல் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடசென்னை ஃபுட்பாலைப் பற்றி எழுதுகிறவர்கள் திறமை இருக்கிறது, காசு இல்லை, கிரவுண்டு இல்லை என்றே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். அதெல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை பக்கம் கிளப்புகளுக்குள்ளேயே கிடக்கிறவர்களுக்கு இன்னொரு பிரச்சினையும் நன்றாகத் தெரியும், அதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. டீமில் எதை யார் முடிவு செய்வது என்பது பல கிளப்புகளில் யாருக்குமே தெரியாது.

கோச் என்று ஒருவர் இருப்பார். விடியற்காலையில் பந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, கோன் வைத்து, பசங்களை ஓடவிட்டு, சண்டையை விலக்கிவிட்டு, அப்புறம் தன் வேலைக்கு ஓடுகிறவர் அவர்தான். ஆனால் மேட்ச் அன்றைக்கு லெவனை, அதாவது இறங்கி ஆடப்போகும் பதினொரு பேரை, சொல்வது செகரட்டரி. ஜெர்சி வாங்கிக் கொடுத்தவர் தன் அக்கா மகன் ஃபார்வர்டில் ஆட வேண்டும் என்பார். ஹாஃப் டைமில் பழைய ஆட்டக்காரர்கள் நாலு பேர் உள்ளே வந்து ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போவார்கள். எல்லோருக்கும் கிளப்பின் மேல் பாசம் இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. அந்தப் பாசத்தில் மாட்டிக்கொண்டு முழிப்பது 15 வயதுப் பையன்.

என் மகன் ஆடும் கிளப்பில் நான் பார்த்ததையே சொல்கிறேன். லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத்தைக் காக்கும் பையனிடம் கோச் சொன்னது, நடுக்கோட்டைத் தாண்டாதே, எதிர் டீமில் ஓரமாக ஏறி வரும் விங்கர் வேகமானவன் என்று. செகண்ட் ஹாஃபில் கமிட்டி ஆள் ஒருவர் கோட்டோரம் நின்று "ஏறுடா, ஏறுடா" என்று கத்திக்கொண்டே இருந்தார். பையன் ஏறினான், பந்து பறிபோனது, அவன் விட்டுப்போன பக்கமாகவே வந்து கோல் போட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் திட்டு வாங்கியது அந்தப் பையன் மட்டும்தான், கோச்சும் திட்டினார், கத்தியவரும் சேர்ந்து திட்டினார். ஏறச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் ஃபுட்பால் சட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. டெக்னிக்கல் ஏரியாவிலிருந்து, அதாவது கோட்டோரம் கோச்சும் பெஞ்சும் இருக்கும் இடத்திலிருந்து, ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட்டம் பற்றிய கட்டளை கொடுக்கலாம். 2019-20 சீசனிலிருந்து பெஞ்சில் இருக்கும் கோச் போன்றவர்களுக்கும் ரெஃபரி கார்டு காட்டலாம், தப்பு செய்தது யார் என்று தெரியாவிட்டால் அங்கே இருக்கும் மூத்த கோச்சுக்குத்தான் அந்தக் கார்டு. பொறுப்பு அவர் தலையில், அதிகாரம் மட்டும் ஊரார் கையில் என்றால் அது என்ன நியாயம்?

கோச் ஒருவரே எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அலெக்ஸ் ஃபெர்குசன் ஸ்காட்லாந்தின் அபர்டீன் கிளப்பில் மேனேஜராக (அங்கே தலைமை கோச்சுக்கு அதுதான் பெயர்) இருந்த காலத்தில் பயிற்சி முழுவதையும் தானே நடத்திக்கொண்டிருந்தார். அப்போது அவருடைய உதவியாளர் ஆர்ச்சி நாக்ஸ், பயிற்சியை நீங்களே நடத்துவதாக இருந்தால் நான் எதற்கு இங்கே என்று முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் ஃபெர்குசன் தள்ளி நின்று கவனிக்க ஆரம்பித்தார், அப்படி நின்றால் எந்த ஆட்டக்காரன் சோர்ந்திருக்கிறான் என்பது தெரிகிறது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். 1983-ல் அதே அபர்டீன் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் ஒன்றில் ரியல் மாட்ரிட்டையே தோற்கடித்தது. வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள், கடைசிச் சொல் ஃபெர்குசனிடமே இருந்தது.

அந்தக் கடைசிச் சொல் இரண்டு பேரிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் 1998-ல் பார்த்துவிட்டது. ராய் இவான்ஸ், ஜெரார்ட் ஹூலியே இருவரையும் சம அந்தஸ்தில் மேனேஜர் ஆக்கினார்கள், நவம்பரிலேயே இவான்ஸ் விலகிப் போய்விட்டார். ஸ்வீடன் தேசிய அணியில் லாகர்பேக்கும் சோடர்பெர்க்கும் 2000 முதல் 2004 வரை சேர்ந்தே நடத்தினார்களே என்று கேட்கலாம். நடத்தினார்கள்தான், ஆனால் அவர்கள் ஏற்கெனவே ஒன்றாக வேலை பார்த்துப் பழகியவர்கள். நம் கிளப்புகளில் செகரட்டரியும் கோச்சும் மேட்ச் அன்றைக்குத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

அசிஸ்டென்ட் என்றால் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கிறவர் என்ற நினைப்பும் போக வேண்டும். 2022 பிப்ரவரியில் சென்னையின் எஃப்.சி.யிலிருந்து தலைமை கோச் போஜிடார் பாண்டோவிச் போனபோது, மீதி ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்றது அசிஸ்டென்டாக இருந்த நம்ம ஊர் சையத் சபீர் பாஷாதான். சீசன் நடுவில் திடீரென்று டீமைக் கையில் எடுக்க வேண்டும் என்றால் அவருக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரிந்திருக்க வேண்டாமா?

எனக்கு ரொம்பப் பயமாக இருப்பது காயம் விஷயத்தில்தான். கணுக்கால் வீங்கியிருக்கும், ஸ்ப்ரே அடித்து, கட்டுப் போட்டு, "ஒன்னும் இல்லடா, போ" என்று அனுப்பிவிடுவார்கள். தலையோடு தலை மோதி விழுந்தவனைக்கூட முகம் கழுவி உள்ளே விடுவதைப் பார்த்திருக்கிறேன். இதில் மட்டும் கடைசிச் சொல் கோச்சிடம் இருக்கவே கூடாது, ஏனென்றால் அவருக்கு ஜெயிக்க வேண்டும். பெரிய கிளப்பிலேயே இது நடந்தது. 2015 ஆகஸ்டில் ஸ்வான்சீக்கு எதிரான ஆட்டத்தில், ரெஃபரி கூப்பிட்டதால் தன் டீம் ஆட்டக்காரர் ஹசார்டுக்குச் சிகிச்சை செய்ய ஓடினார் இங்கிலாந்தின் செல்சி கிளப் டாக்டர் ஈவா கார்னெய்ரோ. அதற்காக மேனேஜர் மொரின்யோ அவரை வெளிப்படையாகக் குறை சொன்னார், டாக்டர் கிளப்பை விட்டே போனார், வழக்காகி 2016-ல்தான் சமரசம் ஆனது. டாக்டர் இருக்கிற இடத்திலேயே இந்த நிலை என்றால், டாக்டரே இல்லாத நம் கிரவுண்டில் பையனுக்காக யார் பேசுவது? முதலுதவி தெரிந்த ஒருவரை, கோச்சும் அல்லாத கமிட்டியும் அல்லாத ஒருவரை, ஒவ்வொரு கிளப்பும் நியமிக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் பையன் வெளியேதான், கோச்சும் அதில் பேசக் கூடாது.

அடுத்த லீக் தொடங்கும் முன் கிளப் நிர்வாகிகள் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, லெவனை எடுப்பது யார், கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி யார், கோச் வராத நாளில் யார், காயம் என்றால் யார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பெற்றோருக்கும் ஒரு காப்பி கொடுக்கட்டும். தாங்களும் உள்ளூர் ஆட்டங்களுக்கு நிருபரை அனுப்பும்போது, அந்தத் தாள் இருக்கிறதா என்று கிளப்பில் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆட்டக்காரர் ஒருவரின் தந்தை,
வியாசர்பாடி, சென்னை.