எந்தப் படிகம் என்று முதலில் கேளுங்கள்

அருமண் காந்தங்கள் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை மதிப்பிடும் ஆசிரியர் குழுக்களுக்கு,

வணக்கம். படிகம் வளர்ப்பது என் வேலை. உலைப் பக்கமிருந்து ஒரு கோரிக்கை.

இட்டெர்பியம் டைட்டனேட் என்ற அருமண் காந்தப் பொருளின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். முனைக்கு முனை கோத்த நான்முகிகளின் (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவங்களின்) மூலைகளில், குட்டிக் காந்தங்கள்போல் இட்டெர்பியம் அயனிகள் உட்கார்ந்திருக்கின்றன. ஓர் அண்டை அயனிக்கு இசைந்தால் இன்னொன்றோடு பிணக்கு. அதனால் ஏறத்தாழ ஒரே ஆற்றலில் பல காந்த ஒழுங்குகள் காத்து நிற்கின்றன. தனிச்சுழி வெப்பநிலையை ஒட்டி, சுமார் 0.26 கெல்வினில், குட்டிக் காந்தங்கள் பெரும்பாலும் ஒரே பக்கம் திரும்பும் ஃபெரோகாந்தம் ஜெயிக்கிறது. ஆனால் எர்பியம் டைட்டனேட் 1.2 கெல்வினில் போய்ச் சேரும் எதிர்ஃபெரோகாந்த நிலை (குட்டிக் காந்தங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும் நிலை) எல்லைக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

இப்படி வரப்பில் நிற்கும் பொருளுக்குச் சின்னக் குறையும் போதும். காந்த ஒழுங்கு பிறக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பது வெப்பக்கொள்ளளவு, அதாவது பொருளைச் சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தின் அளவு. தூளில் அது 0.26 கெல்வின் அருகே ஊசிபோல் எழும்பியது. தண்டின் ஒரு சிறு பகுதியை மட்டும் உருக்கி, அந்த உருகலை மெல்ல நகர்த்தும் மிதவை மண்டல முறையில் வளர்த்த பல ஒற்றைப் படிகங்களிலோ அது தாழ்ந்து, பரந்து, இரண்டாகவும் பிரிந்தது. ஒழுங்கு உண்டு, இல்லை என்று வருடக்கணக்கில் வாதம். 2012இல் காரணம் ஓரளவு பிடிபட்டது: டைட்டானியம் இடங்களில் ஏறக்குறைய 2 விழுக்காட்டை இட்டெர்பியம் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு டைட்டானியம் டையாக்சைடு மிகுந்த உருகலிலிருந்து, குறைந்த வெப்பத்தில் வளர்த்த படிகங்கள் வந்தன. அவற்றை வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடிபோல் நிறமற்றுத் தெரியும். (நிறம் ஏறிய தண்டைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.)

குறையை நீக்கினால் போட்டியும் ஓய்ந்துவிடும் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். ஓயவில்லை. சரியான விகிதத்தில் வளர்ந்த படிகங்களிலேயே ஃபெரோகாந்தமும் எதிர்ஃபெரோகாந்தமும் சேர்ந்திருப்பதை 2020இல் நியூட்ரான் சிதறல் ஆய்வு (நியூட்ரான்களைப் பாய்ச்சி, அவை சிதறுவதிலிருந்து காந்த ஒழுங்கை அறியும் முறை) காட்டியது. அழுக்குப் படிகத்தில் இதையே சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்?

என் கட்டுரை ஒன்றில் வளர்ப்பு விவரம் முழுவதையும் இடமில்லை என்று ஒரே வரியாகச் சுருக்கிவிட்டார்கள். வளர்த்த வேகம், வாயுச் சூழல், பதப்படுத்திய விதம் எல்லாம் போயின. ஆகவே கேட்கிறேன்: நியூட்ரானில் வைத்த அதே துண்டின் வெப்பக்கொள்ளளவு வரைபடத்தைக் கட்டாயமாக்குங்கள். அதே தண்டின் வேறு துண்டு ஆகாது. ஒரே தண்டின் துண்டுகளே ஒன்றுக்கொன்று வேறுபட்டதைப் பார்த்தாகிவிட்டது. துண்டு தண்டின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது, என்ன நிறம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அதற்கு நான்கு வரி போதும்.

இப்படிக்கு,
படிகம் வளர்ப்பவன்